தவிசாளர் செய்த வேலை எது? ஒரு பூங்காவையும் ஒரு வீதி விளக்கையும் வைத்துப் பணிப்பதிவை வாசித்தல்

உள்ளூராட்சி சபையொன்றின் பதவிக்காலம் முடியும் வேளையிலும், சில இடங்களில் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும், "ஆற்றிய பணிகள்" என்ற தலைப்பில் ஒரு கைந்நூலோ முகநூல் பட்டியலோ வெளிவருவது இப்போது வழமையாகிவிட்டது. இத்தனை வீதிகளுக்குக் கிரவல் இடப்பட்டது, இத்தனை மின்கம்பங்களில் விளக்குகள் பொருத்தப்பட்டன, இத்தனை சிறுவர் பூங்காக்கள் திறந்துவைக்கப்பட்டன என்று அது நீண்டு செல்லும். ஒவ்வொன்றின் அருகிலும் நாடா வெட்டும் படமொன்று இருக்கும். இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள சபைகளுக்கு 2025 மே 6 இல் தேர்தல் நடந்து, யூன் தொடக்கத்தில் புதிய உறுப்பினர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களிற் பலர் முதன்முறையாகச் சபைக்குச் சென்றவர்கள். அவர்களுக்கு வாக்களித்தவர்களிலும் பலர் முதன்முறை வாக்காளர்கள். "எங்கள் சபை என்ன செய்தது" என்று அந்த இளையவர்கள் கேட்கும்போது, மேலே சொன்ன பட்டியலை அப்படியே கையிற் கொடுத்துவிடுவது போதாது என்ற எண்ணத்திலேயே இதை எழுதுகிறேன். நான் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளராகச் சில ஆண்டுகள் இருந்தவன். சபை வாசற்படியில் நான் நின்ற நேரங்களிற் கற்றதுதான் இதில் பெரும்பகுதி.

பணிப்பதிவு என்பது ஓர் உள்ளூர்ப் பிரதிநிதி தமக்குச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு எடுத்த முடிவுகளையும், அவற்றுக்குச் செலவான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும், அந்த வேலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. இம்மூன்றில் ஒன்று விடுபட்டாலும் கணக்குப் பிழைக்கும். மத்திய அரசு போட்ட வீதி சபைத் தலைவரான தவிசாளரின் பெயரில் ஏறிவிடும். அல்லது, தவிசாளர் ஓராண்டாக அலைந்து பெற்றுத் தந்த காணியொன்று எவருடைய பெயரிலும் ஏறாமற் போய்விடும். இரண்டாவது தவறு வெளியே தெரிவதில்லை என்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம்.

முதலில் அதிகாரத்தைப் பார்ப்போம். பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றென்று நினைத்து, கிணற்றுக்கும் காணிப் பத்திரத்துக்கும் சபை உறுப்பினரைத் தேடிச் செல்வோர் எங்கள் பகுதியில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். கிராம அலுவலர், அதாவது ஊரில் இன்றும் விதானையார் என்று அழைக்கப்படுபவர், அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர். காணி, வாழ்வாதார உதவி, அனர்த்த நிவாரணம் போன்றவை அந்த வழியாகவே வருகின்றன. பிரதேச சபை என்பது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் மக்கள் தெரிவுசெய்யும் சபை. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றையும், பொதுவாக அப்பகுதி மக்களின் வசதியையும் நலனையும் சபையின் பொறுப்பாக வைக்கிறது. நடைமுறையில் அது குப்பை அகற்றல், வடிகால், உள்வீதிகள், வீதி விளக்கு, சந்தை, மயானம், நூலகம், முன்பள்ளி, விளையாட்டு மைதானம், பூங்கா, கட்டட அனுமதி என்று விரியும். சபைக்குத் தவிசாளர் தலைவர்; அலுவலகத்தைக் கொண்டு நடத்துபவர் சபையின் செயலாளர், அவர் நியமனம் பெற்ற அரச உத்தியோகத்தர். இந்த இருவரின் பணியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாற் பாதி வாசிப்பு முடிந்தது போலத்தான்.

வன்னியின் சபைகள் இவை: கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு. வவுனியாவில் வடக்கு, தெற்குத் தமிழ், தெற்குச் சிங்களம், வெங்கலச்செட்டிக்குளம் ஆகிய பிரதேச சபைகளுடன் இப்போது மாநகர சபையாகிவிட்ட நகரம். மன்னாரில் நகர சபையுடன் மன்னார், மாந்தை மேற்கு, நானாட்டான், முசலி ஆகிய பிரதேச சபைகள். வன்னி என்று நாம் சொல்லும் நிலத்தின் வீதியோரக் கானிலிருந்து மயானக் கொட்டகை வரை இந்தச் சபைகளின் கையில் இருக்கிறது.

ஆனால் எல்லா வீதியும் அவர்களுடையதல்ல. ஏ, பி என்று தொடங்கும் வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கீழே உள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளுமே பெரும்பாலும் சபைக்கு உரியவை. ஆகவே ஏ9 வீதி அகலமானதும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 சீரானதும், 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு ஏ32 வழியாகப் பூநகரியும் யாழ்ப்பாணமும் நெருங்கியதும் எங்கள் வாழ்க்கையை மாற்றிய பெரிய வேலைகள்தாம். இருந்தாலும் அவை எந்தத் தவிசாளரின் கணக்கிலும் சேரமாட்டா. குளங்களும் இப்படித்தான். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தினர் கையிலும், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ்க் கமக்கார அமைப்புகளின் பராமரிப்பிலும் உள்ளன. குளக்கட்டில் நடைபாதை அமைத்து விளக்குப் போட்டோம் என்று ஒரு சபை சொன்னால், அதற்கு அந்தத் திணைக்களத்தின் ஒப்புதல் கிடைத்ததா என்பதும், குளத்தின் அலைகரையில், அதாவது நீர் பரவும் ஓரத்தில், மண் கொட்டி நிரப்பப்பட்டதா என்பதும் உடனே கேட்கப்பட வேண்டியவை. அலைகரையை மூடி எழுப்பிய பூங்கா புகைப்படத்தில் அழகாக இருக்கலாம். மாரியில் அந்த நீர் வேறொருவருடைய வளவுக்குள் ஏறும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2018 பெப்ரவரி 10 இல் தெரிவான சபைகளின் காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அன்று முதல் 2025 யூன் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, பிரதேச சபைகளை அவற்றின் செயலாளர்களே நடத்தினார்கள். அந்த இடைவெளியில் தொடங்கிய வேலையைப் பழைய தவிசாளரும் உரிமை கோருவார், புதிய தவிசாளரும் உரிமை கோருவார். திட்ட மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் உள்ள திகதியைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும்.

அடுத்தது பணம். ஒரு வேலை நடக்கும் இடத்தில் நடப்பட்டிருக்கும் அறிவித்தற் பலகையை எத்தனை பேர் நின்று வாசிக்கிறோம்? திட்டத்தின் பெயர், நிதி மூலம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தகாரர் அல்லது வேலையைப் பொறுப்பேற்ற சங்கம், தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். "நிதி மூலம்" என்ற வரிதான் அதில் மிக முக்கியமானது. சபை நிதி என்று இருந்தால் அது நீங்களும் நானும் கட்டிய ஆதன வரி, வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, சபைக்குச் சேரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவற்றிலிருந்து வந்தது. மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை என்றால் மாகாணத்தின் வழியாக வந்த அரச நிதி. பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்றால் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையில் வந்தது. உலக வங்கியின் உதவியுடன் 2010 முதல் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளூராட்சிச் சேவைகளை மேம்படுத்த நடந்த நெல்சிப் திட்டத்தின் பெயரை இன்னும் பல சந்தைக் கட்டடங்களிலும் நூலகங்களிலும் காணலாம்.

வன்னிச் சபைகளின் சொந்த வருமானம் மெல்லியது. ஆதன வரியைச் சபை தன் எல்லையிலுள்ள எல்லா வீட்டிடமும் அறவிட முடியாது. கட்டடங்கள் நிறைந்து வளர்ந்த பகுதியென்று அறிவிக்கப்பட்ட இடங்களிலேயே அறவிடலாம். வயலும் காடும் இடையிடையே நாலு வீடுமாகக் கிடக்கும் பிரதேசத்தில் அத்தகைய இடங்கள் சில சந்திகளும் சிறு பட்டினங்களுமே. யாழ்ப்பாணத்துச் சபையொன்றின் பணியையும் மாந்தை கிழக்கின் பணியையும் ஒரே கோலால் அளப்பது இதனால் நியாயமாகாது. இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சொந்த வருமானம் சிறிதாக இருக்கும்போது, அந்தச் சிறு தொகையை எதற்குச் செலவிட்டார்கள் என்பதிலேயே தவிசாளரின் மனம் தெரியும். வெளியிலிருந்து வந்த நிதியை எங்கே செலவிடலாம் என்பதைக் கொடுப்பவர் பெரும்பாலும் முன்னரே தீர்மானித்துவிடுவார். சபை நிதியை அப்படி எவரும் கட்டிப்போடுவதில்லை. அது வரவேற்பு வளைவுக்குப் போனதா, கான் துப்புரவுக்குப் போனதா என்பது முழுக்க அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களின் முடிவு.

வெளி நிதியைக் கொண்டுவருவதும் வேலைதான். அதற்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் மதிப்பீடு தயாராக இருக்க வேண்டும், காணி தெளிவாக இருக்க வேண்டும், சபைத் தீர்மானம் இருக்க வேண்டும். இவை மூன்றும் ஆயத்தமாக இருக்கும் சபையின் பக்கமே ஆண்டிறுதியில் மிச்சப்படும் பணம் திரும்பும். ஆகவே "நிதியைப் பெற்றுத் தந்தார்" என்பதை ஏற்கலாம். "தந்தார்" என்பதை ஏற்கத் தேவையில்லை.

இனிப் பூங்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் ஒரு சபையின் திறமையும் அசட்டையும் ஒருங்கே தெரியும் இடம் அதைவிட வேறில்லை.

பூங்கா காணியில் தொடங்குகிறது. போர் முடிந்த நிலத்தில் ஒரு வெறுங்காணி கண்ணிற் பட்டவுடன் ஊஞ்சல் நட்டுவிட முடியாது. கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்ட காணியா என்பது முதற் கேள்வி. பச்சிலைப்பள்ளியின் முகமாலைப் பக்கத்தில் இந்தக் கேள்வியோடு ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. அது வன இலாகா எல்லைக் கல்லுக்கு உள்ளா வெளியா என்பது அடுத்தது. அதன்பின் அரச காணியைச் சபையின் பாவனைக்குப் பெற வேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்தின் வழியாக எழுத்துவேலை நடக்க வேண்டும். இந்த எழுத்துவேலை மாதக்கணக்கில் இழுபடும். அதை எவரும் படம்பிடிப்பதில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் நடைமுறையில் உள்ள பகுதிகளில் இன்னொரு வழியும் உண்டு: ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட காணியைத் துண்டாக்குபவர் வீதிகள் நீங்கலாக அதில் 10 சதவீதத்துக்குக் குறையாத நிலத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். காணி விற்பனை சூடு பிடித்திருக்கும் பட்டினங்களில் இந்த ஒதுக்கீட்டைச் சபை கேட்டுப் பெற்றதா, பெற்றதை வேலியிட்டுக் காத்ததா, அல்லது அது மெல்ல எவருடையதோ வளவாக மாறியதா என்பது, புதிதாக வாங்கி நிறுத்திய சறுக்குப் பலகையைவிடப் பெரிய விடயம். பலகையை அடுத்த ஆண்டும் வாங்கலாம். போன நிலம் திரும்பாது.

எங்கள் ஊரிலும் ஒரு சிறுவர் பூங்கா அமைந்தது. எந்தச் சபை என்பது இங்கு தேவையில்லை. மேளதாளத்துடன், வெயில் கொளுத்தும் ஓர் ஆடி மாதத்தில் திறந்தார்கள். இரும்பிலான சறுக்குப் பலகை கிழக்குப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்தது. காலை ஒன்பதரை மணிக்கே அதில் கை வைக்க முடியாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து வெறும் உரப்பையைக் கொண்டுவந்து, அதை விரித்து அதன்மேல் இருந்து சறுக்கினார்கள். ஒரு தாய் போத்தல் தண்ணீரைப் பலகையில் ஊற்றிவிட்டுத் தன் மகளை ஏற்றியதை நான் பார்த்தேன். நீர் கீழே வந்து சேருமுன்னரே பாதி ஆவியாகிவிட்டது. நிழலுக்கென்று நின்ற ஒரே வேம்பைச் சுற்றுமதிலுக்காக முன்னரே தறித்திருந்தார்கள். படலையின் திறப்பு ஏழு கிலோமீற்றர் அப்பாலுள்ள உப அலுவலகத்தில் இருந்தது, ஆகவே சனி ஞாயிறு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத அந்த இரண்டு நாட்களும், பூங்கா பூட்டிக் கிடந்தது. முதல் மாரி வந்தது. நாயுருவியும் தொட்டாற்சுருங்கியும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தன. பாம்பு கிடக்கும் என்ற பயத்தில் பெற்றோர் அனுப்பவில்லை. ஊஞ்சற் சங்கிலி மேலே மாட்டியிருந்த கொளுக்கி தேய்ந்து வெற்றிலைக் காம்பின் பருமனுக்கு வந்திருந்ததை, மதில் ஏறிக் குதித்த ஒரு பையன்தான் வந்து சொன்னான். அன்றே நாங்கள் கயிற்றால் ஊஞ்சலை மேலே கட்டிவிட்டோம்.

அந்தச் சபையின் பணிப் பட்டியலில் இது "சிறுவர் பூங்கா அமைத்தல்" என்று ஒரு வரியாக நின்றது. அது பொய்யல்ல. அமைத்தது உண்மை.

பின்னர் வந்தவர்கள் அந்த இடத்தில் எதையும் திறந்துவைக்கவில்லை. பலகையை வடக்குப் பார்க்கத் திருப்பி நட்டார்கள். கொளுக்கிகளை மாற்றினார்கள். திறப்பை அருகிலுள்ள முன்பள்ளி ஆசிரியையிடம் ஒப்படைத்தார்கள். மாலையில் அவர் வீடு திரும்பிய பின்னர் பூட்டுவதற்குச் சனசமூக நிலையத்திடம் இன்னொரு திறப்பைத் தந்தார்கள். புங்கையும் வேம்புமாகக் கன்றுகள் நட்டு, ஆவணி புரட்டாதி வரட்சியில் வாரம் ஒரு தடவை சபையின் தண்ணீர் பௌசர் அந்தப் பக்கம் வரும்போது ஊற்ற வேண்டும் என்று வேலை அட்டவணையில் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டுப் பாதீட்டில் "பூங்காப் பராமரிப்பு" என்று தனியான செலவினத்தைச் சேர்த்தார்கள். அந்தச் செலவினம் இல்லாத சபையில் ஒரு கொளுக்கி வாங்குவதற்கும் உத்தியோகத்தர் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். இருக்கும் சபையில் அது ஒரு சிறு பற்றுச்சீட்டோடு முடிந்துவிடும். பணிப் பட்டியலில் இவை அனைத்தும் "பூங்கா புனரமைப்பு" என்று நடுப்பக்கத்தில், படமில்லாமல் இருந்தன. அந்தப் பதவிக்காலத்தில் எங்கள் வட்டாரத்தில் நடந்த மிகச் சிறந்த வேலை அதுவென்று நான் கருதுகிறேன், அதைச் சபையிலும் எழுந்து சொல்லியிருக்கிறேன்.

ஆகவே ஒரு பூங்காவின் பெயரைப் பட்டியலிற் கண்டால், திறந்து இரண்டு மாரி கழிந்த பின்னர், ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கு சென்று பாருங்கள். படலை திறந்திருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா, பாட்டிமார் இருக்க நிழலும் வாங்கும் உண்டா, சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் உள்ளே வர முடிகிறதா என்பனவே பார்க்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது எங்கள் மண்ணில் மறக்கத்தக்கதல்ல; போரில் காலை இழந்தவர்கள் இல்லாத கிராமம் வன்னியில் அரிது. வாசலில் ஒரு படிக்குப் பதில் ஒரு சரிவுப்பாதை போடுவதற்குச் சில பை சீமெந்து போதும், அதை வரைபடத்திலேயே நினைத்திருக்க வேண்டும் என்பதுதான் வேண்டியது.

அயலைச் சீராக்குதல் என்று சொல்லும்போது பூங்காவைவிட அன்றாடம் உணரப்படுவது வீதி விளக்கு. காட்டோரக் கிராமங்களில், யானை வரும் பாதையில், ஒரு விளக்கு எரிவதும் எரியாததும் ஒரு குடும்பத்தின் இரவைத் தீர்மானிக்கும். தனியார் வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும் பெண்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். விளக்குகளின் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுப்பதில்லை. சபை அலுவலகத்தில் முறைப்பாட்டுப் பதிவேடு என்று ஒரு நீளக் கொப்பி இருக்கும். அறிவித்தவர், மின்கம்பத்தின் இலக்கம், அறிவித்த திகதி, திருத்திய திகதி, வேலையாளின் சுருக்கொப்பம் என்று நிரல்கள் கோடிடப்பட்டிருக்கும். அறிவித்த திகதிக்கும் திருத்திய திகதிக்கும் இடையிலுள்ள நாட்கள்தாம் சபையின் உண்மையான ஒளி. ஒரு முறை நான் அந்தக் கொப்பியைப் புரட்டியபோது, பட்டினத்துச் சந்திக் கம்பங்களுக்கு எதிரே நாலைந்து நாட்களில் ஒப்பம் விழுந்திருந்தது. குடியேற்றக் கிராமங்களின் கம்பங்களுக்கு எதிரே அந்த நிரல் இரண்டு பக்கத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. எந்த உரையும் எனக்கு அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

குப்பைக்கும் இதே முறை பொருந்தும். உழவு இயந்திரம் எந்த நாளில் எந்த ஒழுங்கைக்கு வருகிறது என்பதையும், சேர்த்த குப்பை எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கேட்க வேண்டும். காட்டோரத்தில் கொட்டினால் பட்டினம் துப்புரவாகும், யானையும் மாடும் பொலித்தீனைத் தின்னும். கட்டாக்காலி மாடுகளைப் பற்றியும் ஒரு சொல்: ஏ9 இலும் ஏ35 இலும் இரவில் மாட்டில் மோதி மோட்டார்ச் சைக்கிளில் விழுந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். பிடித்துக் கட்டித் தண்டம் அறவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் மாட்டின் சொந்தக்காரர் வாக்காளரும் ஆவார், சில வேளை உறுப்பினரின் உறவினரும் ஆவார். இதில் உறுதியாக நின்ற தவிசாளர் வாக்கை இழக்கத் துணிந்தவர்; அதை அவருடைய கணக்கில் வரவாக எழுத வேண்டும்.

"அபிவிருத்தி" என்ற பெரிய சொல்லின் கீழ் வரும் சந்தைக் கட்டடம், கடைத்தொகுதி ஆகியவற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எத்தனை கடைகள் கட்டப்பட்டன என்பதை விட்டு எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, குத்தகை யாருக்கு எந்த முறையிற் போனது, மரக்கறி விற்கும் பெண்கள் உள்ளே இருக்கிறார்களா அல்லது இன்னும் வெளியே வெயிலில் சாக்கு விரித்திருக்கிறார்களா என்று பாருங்கள், போதும்.

தனி உறுப்பினரின் பணியை எப்படிப் பார்ப்பது என்று சிலர் கேட்பார்கள். இப்போதைய முறையில் உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் கட்சிகளின் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள். எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இல்லாத சபையில் தவிசாளரை உறுப்பினர்களே தெரிவுசெய்கிறார்கள். எனவே தவிசாளர் நினைத்தது எல்லாம் நடப்பதில்லை, எதிரணியிலிருப்பவர் ஒன்றும் செய்ய முடியாதவருமல்லர். உறுப்பினரின் பணி கூட்ட அறிக்கையில் இருக்கிறது: எந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தார், எதற்குக் கை உயர்த்தினார், எந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் ஆகிய குழுக்களில் அவர் இருந்தாரா, இருந்து என்ன பேசினார் என்பதும் அங்கேதான் தெரியும். பெண் உறுப்பினர்களுக்கென 25 சதவீத ஒதுக்கீடு வந்த பின்னர், கிணற்றடி, முன்பள்ளி மலசலகூடம், பேருந்துத் தரிப்பிட விளக்கு போன்ற விடயங்களைக் கூட்ட அறிக்கையில் எழுப்பியவர் யார் என்று தேடிப் பாருங்கள். எங்கள் சபையில் நான் பார்த்த அறிக்கைகளில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் பெண்களுடையவை.

இந்த ஆவணங்களைப் பெறுவது கடினமல்ல. பாதீட்டைச் சபை ஒவ்வோர் ஆண்டும் நிறைவேற்ற வேண்டும்; கணக்காய்வாளர் நாயகம் உள்ளூராட்சி சபைகளின் கணக்குகளை ஆய்ந்து அறிக்கை தருகிறார். அந்த அறிக்கைகளின் நடை வரண்டதாக இருந்தாலும், "கொள்வனவு செய்யப்பட்டுப் பயன்படுத்தப்படாத", "பூர்த்தியாகியும் பாவனைக்கு விடப்படாத" போன்ற சொற்றொடர்களைத் தேடி வாசித்தால் விடயம் உடனே புலப்படும். மற்றவற்றுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ஒரு கடிதம் போதும்.

அந்தக் கடிதத்தில் "பூங்காக்கள் பற்றிய எல்லா விபரங்களும் தருக" என்று எழுதினால் பயனற்ற பதில் வரும். இன்ன வட்டாரத்தில் இன்ன பெயருள்ள சிறுவர் பூங்கா அமைந்துள்ள காணி யாருடைய பெயரில் உள்ளது, அதற்கான மதிப்பீட்டின் பிரதி, நிதி மூலம், வேலை ஒப்படைக்கப்பட்ட திகதி, இறுதிக் கொடுப்பனவின் தொகை, கடந்த மூன்று ஆண்டுகளின் பாதீட்டில் அதன் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் உண்மையிற் செலவான தொகையும், திறப்பு யாரிடம் உள்ளது என்று தனித்தனியாக இலக்கமிட்டுக் கேளுங்கள். வீதி விளக்குக்கும் அப்படியே, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை முறைப்பாட்டுப் பதிவேட்டின் பக்கங்களின் பிரதி என்று கேளுங்கள். நேரிற் கொடுத்தால் ஒரு பிரதியில் திகதியிட்டு ஒப்பம் வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். கடிதம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதிலும் திருப்தி இல்லையென்றால் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எங்கள் பூங்காவின் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் எனக்கு இப்படித்தான் கிடைத்தது: ஒரு பக்கக் கடிதம், கீழே சபையின் முத்திரை, இணைப்பாக நில அளவை வரைபடத்தின் ஒரு பிரதி, அதில் வேம்பு நின்ற இடம் ஒரு சிறு வட்டமாகக் குறிக்கப்பட்டிருந்தது.